பழைய லீவர் வேட்டைத் துப்பாக்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வசிக்கும் தமிழ் நண்பர்கள் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றி என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒருவர் பக்கத்துத் தெருவில் நடந்த பழம்பொருள் விற்பனையில் ஒன்றைப் பார்த்திருப்பார். இன்னொருவருக்கு அமெரிக்க மாமனார் கொடுத்திருப்பார். ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால் வருகின்றன.

லீவர் துப்பாக்கி என்றால் என்ன? பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

விசையைச் சுற்றியிருக்கும் வளையம் பின்பக்கமாக நீண்டு, மூன்று விரல்கள் நுழையும் கைப்பிடியாக இருக்கும். அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே வந்து விழும். தோட்டாவின் பின்புறத்தை அடிக்கவைக்கும் குதிரை பின்னால் சாய்ந்து தயாராக நிற்கும். லீவரை மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிப் பூட்டிக்கொள்ளும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே இத்தனையும் நடந்துவிடும்.

பெரும்பாலானவற்றில் குழலுக்கு அடியில் மெல்லிய குழாய் ஒன்று ஓடும். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அந்தக் குழாய்தான் மகசின்.

எல்லாரும் வின்செஸ்டர் என்றே சொல்கிறார்களே, வேறு யாரும் செய்யவில்லையா?

பெயர் வின்செஸ்டருடையதாக நிலைத்துவிட்டது, கதை பலருடையது. 1860-இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி, பதினாறு தோட்டாக்களை உள்ளே வைக்கும் லீவர் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் வேலை பார்த்தது கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில். நிறுவனத்தை நடத்திய ஆலிவர் வின்செஸ்டர் அதற்கு முன் சட்டை தைத்து விற்றவர். 1866-இல் நிறுவனம் அவர் பெயருக்கு மாறியது. அதே ஆண்டு வந்த மாதிரியில் மஞ்சள் பளபளப்புள்ள வெண்கல உடலும் (குழலுக்குப் பின்னால் பூட்டும் விசையும் அடங்கிய நடுப்பகுதி), பக்கவாட்டில் தோட்டா நுழைக்கும் சிறு கதவும் இருந்தன. 1873 மாதிரிக்கு உடல் இரும்பானது.

இந்த முதல் தலைமுறையின் பூட்டு முழங்கால் மடங்கி நிமிர்வதுபோல் வேலை செய்யும் இரு இணைப்புகளால் ஆனது. கைத்துப்பாக்கி அளவிலான தோட்டாக்களுக்குப் போதும். பெரிய தோட்டாவின் அழுத்தத்துக்குப் போதாது. யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங் அதை மாற்றினார். செங்குத்தாக ஏறி இறங்கும் இரண்டு எஃகுக் கட்டைகள் பின்புறத்தைப் பூட்டும்படி அவர் வடிவமைத்ததே 1886 மாதிரி. 1892, 1894, 1895 மாதிரிகளும் அவர் கைவண்ணம்தான். ஓர் 1886-இன் லீவரை மெதுவாக இறக்கிப் பாருங்கள். அந்த இரண்டு கட்டைகளும் உடலின் இரு பக்கச் சுவர்களை ஒட்டி வழுக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் கீழிறங்கும். நூற்றாண்டு கடந்த துப்பாக்கியிலும் அந்த ஓட்டம் எண்ணெய் ஊற்றியதுபோல் இருப்பதைக் கையால் உணரும்போதுதான் பிரௌனிங் யார் என்று புரியும்.

ஜான் மார்லினும் நியூ ஹேவனிலேயே தொழிற்சாலை நடத்தியவர். அவருடைய 1889 மாதிரியிலிருந்து காலிக்கூடு மேலே பாயாமல் பக்கவாட்டில் வெளியேறியது. மேற்புறம் மூடியிருந்ததால் மழையும் குப்பையும் உள்ளே போகாது. பின்னாளில் தொலைநோக்கி பொருத்தவும் அது வசதியாக அமைந்தது. மூன்றாமவர் ஜமைக்காவில் பிறந்து நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் தொழிற்சாலை வைத்த ஆர்தர் சாவேஜ். அவருடைய 1899 மாதிரியில் வெளியே தெரியும் குதிரை கிடையாது, குழாய் மகசினும் கிடையாது. தோட்டாக்கள் சுழலும் உருளையில் உட்காரும். இன்னும் எத்தனை மீதி என்று உடலின் இடப்பக்கத்துச் சிறு துளையில் எண் தெரியும். என் மனதுக்கு மிக நெருக்கமான லீவர் துப்பாக்கி இதுதான்.

என்னிடம் இருப்பது 1894 மாதிரி. அப்படியென்றால் 1894-இல் செய்ததுதானே?

இல்லை. அது வடிவம் அறிமுகமான ஆண்டு. வின்செஸ்டர் 1894 நியூ ஹேவனில் 2006 வரை தயாரானது. மொத்தம் 70 லட்சத்துக்கும் மேல். பத்து லட்சமாவது துப்பாக்கியை 1927-இல் அதிபர் கால்வின் கூலிட்ஜுக்குக் கொடுத்தார்கள். ஆகவே உங்களுடையது 1896-இல் செய்ததாகவும் இருக்கலாம், 1976-இல் செய்ததாகவும் இருக்கலாம்.

தயாரிப்பு ஆண்டைச் சொல்வது உடலின் அடிப்புறத்தில் பொறித்த வரிசை எண். அதை ஆண்டுவாரிப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். குழலில் பொறித்திருக்கும் காப்புரிமைத் தேதிகளைப் பார்த்து ஆண்டைத் தீர்மானிக்காதீர்கள். ஒரே காப்புரிமைத் தேதியைப் பல ஆண்டுகள் பொறித்துக்கொண்டே இருந்தார்கள்.

.30-30, .44-40, .45-70 என்கிறார்களே, இந்த எண்கள் என்ன?

முதல் எண் குண்டின் குறுக்களவு, அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக் கணக்கில். இரண்டாவது எண் முதலில் அதில் நிரப்பிய வெடிமருந்தின் எடை, கிரெய்ன் என்ற சிறிய எடை அலகில். .44-40 என்றால் 44 காலிபர், 40 கிரெய்ன் கரிமருந்து. 1873 வின்செஸ்டருடன் வந்த தோட்டா இது. பிறகு கோல்ட் நிறுவனம் இதே தோட்டாவுக்குக் கைத்துப்பாக்கியும் செய்தது. இடுப்பில் இருப்பதற்கும் கையில் இருப்பதற்கும் ஒரே தோட்டாப் பை போதும் என்பது அந்தக் காலத்தில் சிறிய வசதி அல்ல.

.30-30 வேறு காலத்தைச் சேர்ந்தது. 1895-இல் வின்செஸ்டர் 1894-க்காக வந்த இது, புகையில்லா மருந்துக்கென்றே அமெரிக்காவில் உருவான முதல் வேட்டைத் தோட்டாக்களில் ஒன்று. மெய்ன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களின் அடர்ந்த காடுகளில் வெண்வால் மானை நூறு கஜத்துக்குள்தான் பார்க்க முடியும். அதற்கு இந்தத் தோட்டா கச்சிதமாகப் பொருந்தியது. அதனால்தான் இது நான்கு தலைமுறைகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ரைஃபிளுக்கும் கார்பைனுக்கும் என்ன வித்தியாசம்?

1894-ஐ எடுத்துக்கொண்டால், 26 அங்குலக் குழலும், முன்கட்டையின் நுனியில் உலோகத் தொப்பியும், பிறை வடிவப் பின்தகடும் இருந்தால் ரைஃபிள். 20 அங்குல உருண்டைக் குழலை வளையப் பட்டைகள் கட்டையோடு இறுக்கிப் பிடித்திருந்தால் கார்பைன். பழைய கார்பைன்களின் இடப்பக்கத்தில் குதிரைச் சேணத்தோடு கட்டுவதற்கு ஒரு வளையம் தொங்கும். எண்கோணக் குழல், பாதி எண்கோணக் குழல், குட்டை மகசின், இரண்டாகக் கழற்றக்கூடிய அமைப்பு போன்றவற்றைக் கூடுதல் பணம் கொடுத்து வரவழைத்தவர்களும் உண்டு. அப்படிச் சொல்லிச் செய்த துப்பாக்கிகளைத்தான் சேகரிப்பவர்கள் தேடித் திரிகிறார்கள்.

முதன்முதலாக வாங்குகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

1940-களிலோ 50-களிலோ செய்த வின்செஸ்டர் 94 அல்லது மார்லின் 336, இரண்டும் .30-30. மார்லின் 336 வந்தது 1948-இல். இவை எண்ணிக்கையில் ஏராளம்; தோட்டா எங்கும் கிடைக்கும்; ஒப்பிட்டுப் பார்க்க நிறைய துப்பாக்கிகள் இருப்பதால் கண்ணுக்குப் பயிற்சியும் கிடைக்கும். 1873-இன் மயக்கத்தில் முதல் தடவையே பெரும்பணம் போடுபவர்களை நான் தடுக்கவே பார்ப்பேன். அந்த மாதிரியில் மாற்றியமைத்தவையும் போலிகளும் அதிகம்.

1964-க்கு முந்தையது என்றால் ஏன் விலை கூடுதல்?

1964-இல் செலவைக் குறைக்க வின்செஸ்டர் 94-இன் செய்முறையை மாற்றினார்கள். கடைந்தெடுத்த எஃகுப் பாகங்கள் சிலவற்றுக்குப் பதில் தகட்டில் அழுத்தி எடுத்தவை வந்தன. தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்கும் பாகம் அவற்றில் ஒன்று. லீவரை இறக்கி உள்ளே பார்த்தால் பழையதில் தடித்த, ஓரம் தீட்டிய எஃகும் புதியதில் மெல்லிய தகடும் தெரியும். உடலின் உலோகமும் மாறியது. அதில் வழக்கமான முறையில் நீலமேற்ற, அதாவது உலோகத்துக்குக் கருநீலப் பூச்சு கொடுக்க, முடியவில்லை.

அதற்காக 1964-க்குப் பிந்தையவை சுடாது என்று பொருளில்லை. இன்றும் காட்டில் மான் கொண்டுவருபவை அவை. சேகரிப்புக்கு மட்டும் இந்தக் கோடு முக்கியம். விற்பவர் 1964-க்கு முந்தையது என்று சொன்னால், மேலே மாதிரி ஆண்டு பற்றிய கேள்வியில் சொன்னபடி வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

மங்கிக் கறுத்துக் கிடக்கிறது. பாலிஷ் போட்டுப் புதிதாக்கினால் விலை கூடுமா?

குறையும். பல நேரங்களில் பாதிக்கும் கீழே போய்விடும். இந்த ஒரு கேள்விக்காகவே இத்தனையையும் எழுதலாம் என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் பூச்சு ஒரே நிறமல்ல. குழலுக்கு ஒரு வகை நீலம். உடலுக்கு வேறு வகை. தோட்டா நுழைக்கும் சிறு கதவுக்கு உலோகத்தைச் சூடேற்றி வரவழைத்த பளிச்சென்ற மயில்கழுத்து நீலம். 1886-இன் தொடக்க காலத் துப்பாக்கிகளில் உடலும் லீவரும் எலும்பும் கரியும் சேர்த்துச் சூடேற்றியதால் நீலமும் பழுப்பும் சாம்பலும் கலந்து மேகம்போல் படர்ந்திருக்கும். காலம் போகப்போக ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மங்கும். கையில் பிடித்து நடக்கும் இடத்தில் நிறம் தேய்ந்து வெள்ளிபோல் தெரியும். மடிப்புகளுக்குள் அசல் நிறம் மிச்சமிருக்கும். அந்தத் தேய்மானத்தைப் பார்த்தே இது சேண உறையில் கிடந்ததா, வீட்டு மூலையில் நின்றதா என்று சொல்லிவிட முடியும். பாலிஷ் சக்கரத்தில் வைத்த ஐந்து நிமிடத்தில் அத்தனையும் போய்விடும், திரும்ப வராது.

2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஜூனிபர் மரம் ஒன்றில் சாய்த்து வைத்த நிலையில் ஒரு வின்செஸ்டர் 1873 கிடைத்தது. 1882-இல் தொழிற்சாலையிலிருந்து போனது. தோளில் பதியும் மரக்கட்டை வெளுத்து வெடித்து, அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. யாரோ வைத்துவிட்டுப் போனது. திரும்பி வந்து எடுக்கவில்லை. வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற நகரின் அருங்காட்சியகத்தில் அதைச் சோதித்தபோது கட்டையின் பின்புறப் பொந்தில் ஒரு தோட்டாவும் இருந்தது. அதைப் புதிதாக்க யாரும் நினைக்கவில்லை. மரம் மேலும் உதிராதபடி பாதுகாத்து, கிடைத்த கோலத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். செய்ய வேண்டியது அதுதான்.

அசலாக இருக்கிறதா, யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சிறு விளக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மரமும் உலோகமும் சேரும் இடத்தைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது மரம் உலோகத்தைவிட மயிரிழை உயர்ந்திருக்கும். விரலை ஓட்டினால் மரம் தாழ்ந்திருந்தால், யாரோ உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அடுத்தது எழுத்துகள். குழலில் பொறித்த பெயரின் ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும். எழுத்து மங்கியிருக்க, மேலே நீலம் மட்டும் புத்தம்புதிதாகப் பளபளத்தால் அது பின்னால் ஏற்றிய நீலம். திருகுகளின் தலைகளும் பேசும்: காடி சிதைந்திருந்தால் பொருந்தாத திருப்புளி கொண்டு யாரோ திறந்திருக்கிறார்கள்.

பிறகு துளைகள். உடலின் மேற்புறத்தில் தொலைநோக்கிக்காகப் போட்ட துளைகள் பெரும்பாலும் பின்னால் போட்டவை, விலையை இறக்கும். கைப்பிடிக்கு மேலுள்ள வால்பகுதியில் குறிபார்க்கும் கருவிக்கான துளை தொழிற்சாலையிலேயே போட்டதாக இருக்கலாம், பதற வேண்டாம். வின்செஸ்டர் தன் சோதனை முத்திரையை, நீள்வட்டத்துக்குள் டபிள்யூவும் பியும் சேர்ந்தது, 1905-இல்தான் பொறிக்கத் தொடங்கியது. 1890-களின் துப்பாக்கியில் அது குழலில் மட்டும் இருந்தால் குழலை மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள். பின்னாளில் பழுதுபார்க்கத் தொழிற்சாலைக்கே திரும்பிப் போயிருந்தாலும் முத்திரை விழுந்திருக்கலாம்.

சிறப்பு முத்திரை உள்ளது என்று அதிக விலை கேட்கிறார். நம்பலாமா?

முத்திரையை யாரும் பொறிக்கலாம் என்ற நினைப்போடு தொடங்குங்கள். முதல் உலகப்போரின்போது பசிபிக் வடமேற்கில் விமானங்களுக்கான ஸ்ப்ரூஸ் மரம் வெட்டும் பணியைக் காக்க அமெரிக்க ராணுவம் வின்செஸ்டர் 94 கார்பைன்களை வாங்கியது. யு.எஸ். என்ற எழுத்தும் தீக்குண்டுச் சின்னமும் உள்ள இவற்றுக்குக் கிராக்கி அதிகம். இரண்டு சிறு முத்திரைகளால் விலை பலமடங்கு ஏறுமென்றால் போலி வராமல் இருக்குமா? முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் சுற்றியுள்ள உலோகத்தின் அதே பழமை இருக்க வேண்டும். பழைய உலோகத்தில் புதிதாக அடித்தால் ஓரத்தில் சிறு மேடு எழும்பி, பளிச்சென்று தெரியும்.

தொழிற்சாலைக் கடிதம் வாங்குங்கள் என்கிறார்கள். அது என்ன சொல்லும்?

வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் மேலே சொன்ன கோடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மார்லினின் பழைய பதிவேடுகள் சிலவும் அங்கே உண்டு. கட்டணம் செலுத்தி வரிசை எண்ணைக் கொடுத்தால், அந்தத் துப்பாக்கி எந்தக் குழல், எந்தக் காலிபர், என்ன கூடுதல் வசதிகளோடு கிடங்குக்கு வந்தது, எப்போது வெளியே போனது என்று பதிவில் உள்ளதைக் கடிதமாகத் தருவார்கள். உங்கள் கையில் இருப்பது எண்கோணக் குழல், கடிதத்தில் உருண்டைக் குழல் என்றால் விஷயம் முடிந்தது.

இரண்டு எல்லைகள் உண்டு. எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பதிவு இல்லை. 1894 மாதிரிக்கு 3,53,999 என்ற எண்ணோடு நின்றுவிடுகிறது. அதனால் 1950-இல் செய்ததற்குக் கடிதம் கிடைக்காது. மேலும், வாங்கியவர் யார் என்று பெரும்பாலும் இருக்காது. நெவாடாவில் கிடைத்த 1873-க்கும் ஆண்டு தெரிந்ததே தவிர, வைத்துவிட்டுப் போனவர் யார் என்று பதிவேட்டால் சொல்ல முடியவில்லை.

1898-க்குள் செய்தது என்றால் சட்டமே கிடையாதாமே?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தைப் பற்றிச் சொல்வதென்றால், 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1898-இலோ அதற்கு முன்போ செய்தவை தொல்பொருள் கணக்கில் வரும். பெரும்பாலான விற்பனைக் கட்டுப்பாடுகள் அவற்றுக்கு இல்லை. கணக்கில் எடுப்பது உடலின் தயாரிப்பு ஆண்டை. மாநிலச் சட்டங்கள் வேறாக இருக்கும். உங்கள் மாநிலத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். 50 ஆண்டுகள் கடந்த, அசல் நிலையில் உள்ள துப்பாக்கிகளுக்குச் சேகரிப்பாளர் உரிமம் என்று தனியாக ஒன்றும் உண்டு.

பலர் இடறும் இடம் குட்டைக் குழல். 14, 15 அங்குலக் குழலோடு வின்செஸ்டரே சில கார்பைன்களைச் செய்தது. 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிள் குழலுக்கு 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடும் விதிகள் பொருந்தும். ஆண்டு பழையது என்பதால் மட்டும் அது தானாக விலகிவிடாது. இன்றும் தோட்டா கிடைக்கிறதா என்பதையும் அந்தச் சட்டம் பார்க்கிறது. அசல் குட்டைக் கார்பைன்கள் பலவற்றுக்கு, துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப். விலக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது. அந்தக் கடிதம் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கிவிட்டேன். சுடலாமா?

பழைய துப்பாக்கிகளை அறிந்த கைவினைஞர் ஒருவர் பூட்டின் இறுக்கத்தையும் குழலின் உட்புறத்தையும் அளந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். கரிமருந்துக் காலத்துக் குழல்கள் மென்மையான எஃகு. புகையில்லா மருந்துக்கென நிக்கல் எஃகில் செய்தவற்றில் வின்செஸ்டர் அதைக் குழலிலேயே பொறித்திருக்கும். இன்று விற்கும் .45-70 தோட்டாக்களில் சில புதிய வலுவான துப்பாக்கிகளுக்காகச் செய்தவை. பழைய 1886-இல் போட்டால் ஆபத்து. தோட்டா உள்ளே போகிறது என்பதால் அது பொருந்தும் என்று முடிவுகட்டக் கூடாது.

குழாய் மகசின் உள்ளவற்றில் கூர்முனைத் தோட்டா போடவே கூடாது. ஒன்றன் முனை முன்னால் உள்ளதன் அடிப்புறத்து வெடிமுனையில் முட்டிக்கொண்டிருக்கும். அதிர்ச்சியில் உள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் .30-30 குண்டுகள் தட்டை மூக்கோடு வருகின்றன. சாவேஜின் சுழல் மகசினுக்கு இந்தத் தடை இல்லை. 1920-இல் அவர்கள் .300 சாவேஜ் என்ற வேகமான கூர்முனைத் தோட்டாவைக் கொண்டுவர முடிந்தது அந்த உருளையால்தான்.

இந்தியாவுக்குக் கொண்டுபோய் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

அமெரிக்காவின் தொல்பொருள் விலக்கு இந்தியாவில் செல்லாது. சுடும் நிலையில் உள்ள துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. இறக்குமதி மிகக் கடினம். வேட்டைக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. அது நல்ல சட்டம்.

ஆனால் நம் பக்கத்துக் காடுகளுக்கும் இந்தத் துப்பாக்கிகளுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், ஓசூர், தர்மபுரி, சேலம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிப் போனபோது கையில் வைத்திருந்தது .405 காலிபர் வின்செஸ்டர் 1895. பிரௌனிங் வடிவமைத்ததுதான், குழாய்க்குப் பதில் விசைக்கு முன்னால் பெட்டி மகசின். 1909-இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனதும் இதே மாதிரி, இதே காலிபர்.

கட்டையில் யாரோ பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். கெட்டுப்போனதா?

சுத்தமான துப்பாக்கி வேண்டுமென்று தேடுபவருக்கு விலை குறைவுதான். எனக்கு அப்படி இல்லை. கத்தியால் செதுக்கிய இரண்டு எழுத்துகளும் ஓர் ஆண்டும் இருந்தால், அந்தப் பள்ளங்களில் மரத்தின் மற்ற இடங்களைப்போலவே அழுக்கும் எண்ணெயும் படிந்திருந்தால், வைத்திருந்தவர் செதுக்கியது என்று கொள்ளலாம். அதைத் தேய்த்து அழிக்காதீர்கள். புகழ்பெற்ற ஒருவருடையது என்று விற்பவர் கதை சொன்னால் மட்டும் தாள் கேளுங்கள்: பழைய புகைப்படம், கடிதம், விற்பனைச் சீட்டு, ஏதாவது ஒன்று.

மாமனார் கொடுத்ததாக இருந்தால் அவரிடமே இன்று உட்கார்ந்து கேளுங்கள். எங்கே வாங்கினார்கள், எந்த மாவட்டத்துக் காட்டில், யாரோடு போனார்கள் என்று கேட்டுத் தேதி போட்டு எழுதி, அவர் கையெழுத்தும் வாங்கி, வரிசை எண்ணைக் குறித்து ஒரு கடித உறையில் வையுங்கள். அந்தக் கடித உறையைத் துப்பாக்கி உறைக்குள் வைக்க வேண்டாம். தோல் உறையும் துணி உறையும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். துப்பாக்கியையும் அதற்குள் நீண்ட நாள் விடாமல், மெல்லிய எண்ணெய் தடவி, பூட்டிய அலமாரியில் நிறுத்துங்கள்.